பதினெட்டு வயதும் ஒரு தாலியும்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'போக்சோ சட்டமும் அரசியல் சாசனமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. 14-வது பிரிவு, 15-வது பிரிவு, 21-வது பிரிவு என்று வரிசையாகப் பாடம் நடத்தினால் இங்கே இருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வுக்கு உதவும், மற்றவர்களுக்குத் தூக்கம் வரும். அதை விட்டுவிட்டு, போக்சோ நீதிமன்ற வராந்தாவில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெண்ணுக்குப் பதினேழு வயது, பையன் மேல் கேஸ் ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால், அங்கே நிற்கிற ஏட்டு, வக்கீல் குமாஸ்தா, பையனின் சித்தப்பா, யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதுதான்: "கட்டிக்கிட்டானா?"

சட்டப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத யாரும் அதன் கண்ணில் குழந்தை. ஆணோ பெண்ணோ, படித்தவரோ படிக்காதவரோ, கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, குழந்தைதான். குழந்தையின் சம்மதம் சம்மதமே ஆகாது. இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த பிறகும் வராந்தாவில் ஏன் அந்தக் கேள்வி வருகிறது? கேட்கிறவர்கள் அறியாமையில் கேட்கவில்லை. பதிலைப் பொறுத்துத்தான் வழக்கு எங்கே போய் முடியும் என்பது அனுபவத்தில் அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு வழக்கு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் வருகிறாள். நம் தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து 'பிக்மி' எண் வாங்கினால்தான் மற்றதெல்லாம் நடக்கும். உதவித்தொகையிலிருந்து, பிறக்கப்போகிற குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் வேண்டும். செவிலியர் ஆதார் அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்க்கிறார். விரல் விட்டு எண்ணுகிறார். பதினேழு வயது, சில மாதங்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு கிடக்கிறது. மாமியார் பக்கத்தில் நிற்கிறார். கணவன் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். யாரும் யார் மேலும் புகார் சொல்ல வரவில்லை. ஆனால் போக்சோவின் 19-வது பிரிவு, விஷயம் தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. செவிலியர் டாக்டரிடம் சொல்கிறார். டாக்டர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புகிறார். எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. பையன் ரிமாண்டுக்குப் போகிறான், அந்தப் பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்திக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு.

பெண் கர்ப்பமாக இருப்பதாலேயே குற்றம் 'கடுமையான' வகைக்கு ஏறிவிடுகிறது. உறவு ஒருமுறைக்கு மேல் நடந்திருந்தால் அதுவும் கடுமை. கல்யாணத்தின் வழியாக உறவினராக இருப்பவர் செய்தால் அதுவும் கடுமை. அதாவது, தாலி கட்டியவன் என்பதே சட்டப் புத்தகத்தின்படி தண்டனையைக் கூட்டுகிற காரணம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த வகைக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை இருபது ஆண்டு. நீதிபதி மனது வைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருகிறேன்.

இப்படிப் பதிவாகும் என்று தெரிந்த ஊர்களில் என்ன நடக்கிறது? பெண் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. கருக்கலைப்புக்கு மருந்துக்கடையையோ, படிக்காத கையையோ நம்பிப் போகிறாள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையில் இந்த ஆபத்தைக் கவனித்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் தன் விருப்பத்தில் ஏற்பட்ட கர்ப்பத்தைக் கலைக்க வந்தால், அவளோ பெற்றோரோ கேட்டுக்கொண்டால், அவள் யார் என்பதைப் போலீஸுக்கான தகவலில் டாக்டர் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. அதைப் பற்றிக் கேள்விப்படாத ஆஸ்பத்திரிகள் இன்னும் இருக்கின்றன.

இந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? 1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தபோது சம்மத வயது பத்து. ஆம், பத்து. அதன் பிறகு கல்கத்தாவில் ஃபுல்மணி தாசி என்கிற சிறுமி, பத்துப் பதினோரு வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டிய கணவனுடன் கழித்த இரவில் இறந்துபோனாள். பத்து வயதைக் கடந்துவிட்டதாலும் மனைவி என்பதாலும் அவன் மேல் பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டச் சட்டத்தில் வழியில்லை. கவனமில்லாமல் காயம் விளைவித்தான் என்ற சின்னக் குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1891-இல் வயது பன்னிரண்டாக உயர்ந்தது. அப்போது சாசனம் கிடையாது, அடிப்படை உரிமை என்று வாதிட இடமும் இல்லை. ஆனாலும் எதிர்ப்பு சாசன வழக்கைப் போலவே நடந்தது. மதத்தில் கைவைக்க அந்நிய அரசுக்கு உரிமை இல்லை என்றார்கள். திலகர் அந்தப் பக்கம் நின்றார். நாட்டுக்காகச் சிறைக்குப் போன பெரிய மனிதர், இந்த விஷயத்தில் தவறான பக்கத்தில் நின்றார் என்று சொல்ல நான் தயங்கவில்லை.

1925-இல் ஒரு விசேஷமான காரியம் நடந்தது. அதுவரை மனைவிக்கும் மற்றவளுக்கும் ஒரே வயதுதான். அந்த ஆண்டு கல்யாணமாகாத பெண்ணுக்குப் பதினான்கு, மனைவிக்குப் பதின்மூன்று என்று பிரித்தார்கள். அன்றுதான் தாலிக்குச் சட்டத்தில் ஒரு வருடச் சலுகை பிறந்தது. 1928-இல் சர் மோரோபந்த் ஜோஷி தலைமையில் சம்மத வயதுக் குழு அமைந்தது. நம் ஊர் ஏ. ராமசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். கல்யாணத்துக்கு வெளியே பதினெட்டு, உள்ளே பதினைந்து என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பதினெட்டு ஏதோ நேற்று மேல்நாட்டிலிருந்து வந்த எண் என்று மேடைகளில் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1929-லேயே அது நம் அரசின் மேஜையில் இருந்தது. அரசு அதை ஏற்கவில்லை. சாரதா சட்டம் மட்டும் வந்து, பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்கு ஆக்கியது.

சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் பதினாறு, மனைவிக்குப் பதினைந்து. 1978-இல் கல்யாண வயது பதினெட்டாக உயர்ந்தது. ஆனால் தண்டனைச் சட்டத்தில் மனைவிக்கான பதினைந்து அப்படியே கிடந்தது. பதினைந்து வயதுப் பெண்ணைக் கட்டிவைப்பது குற்றம், கட்டிய பிறகு அவளுடன் கணவன் வலுக்கட்டாயமாக உறவு கொண்டாலும் குற்றமில்லை. 39 ஆண்டுகள் இந்த இரண்டும் ஒரே நாட்டின் சட்டமாக ஒன்றாகவே குடியிருந்தன.

அதை உடைத்ததுதான் 2017 அக்டோபர் 11 தீர்ப்பு. 'இண்டிபெண்டன்ட் தாட்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கு. நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா. மத்திய அரசு என்ன சொல்லி எதிர்த்தது தெரியுமா? நாட்டில் இரண்டு கோடியே முப்பது லட்சம் குழந்தை மணப்பெண்கள் இருக்கிறார்கள், இந்தக் கணவர்களை எல்லாம் குற்றவாளி ஆக்க முடியுமா என்றது. குற்றம் பெரிதாக நடக்கிறது, ஆகவே குற்றமென்று சொல்லாதீர்கள் என்கிற வாதம். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் உடம்புக்கு, தாலி ஏறியதும் பாதுகாப்புக் குறைவதற்கு என்ன நியாயம் என்று கேட்டார்கள். சமத்துவத்துக்கான 14-வது பிரிவு, குழந்தைகளுக்காகத் தனிச் சட்டம் செய்ய அனுமதிக்கிற 15-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, உயிரையும் கண்ணியத்தையும் காக்கும் 21-வது பிரிவு, மூன்றுக்கும் இந்தச் சலுகை முரண் என்றார்கள். 'பதினைந்து' என்று இருந்த இடத்தில் 'பதினெட்டு' என்று வாசிக்கவேண்டும் என்று உத்தரவிட்டார்கள். தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சம்ஹிதாவிலும் பதினெட்டு என்றே எழுதப்பட்டிருக்கிறது. பதினெட்டுக்கு மேற்பட்ட மனைவியின் கதை வேறு, அது இன்னும் தீராத வழக்கு, அதற்குள் இப்போது போகவில்லை.

சாசனத்தின் பெயரால் சம்மத வயதுச் சட்டத்துக்கு எதிராக நம் நாட்டில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இது. பாதுகாப்பைக் குறைத்துக் கிடைத்த வெற்றி அல்ல, பாதுகாப்பைக் கூட்டிக் கிடைத்தது. புத்தகத்திலிருந்து தாலிச் சலுகை அன்றைக்கு வெளியேறியது. வராந்தா வழியாக எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் மீதிக் கதை.

போக்சோ மசோதா 2011-இல் மாநிலங்களவைக்கு வந்தபோது, பதினாறு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களின் சம்மதத்தைக் கணக்கில் எடுக்க அதில் ஒரு வழி இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை நீக்கச் சொன்னது. காரணம் லேசானதல்ல. சம்மதம் என்ற பேச்சை உள்ளே விட்டால், விசாரணை முழுவதும் அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றியதாக மாறிவிடும் என்று குழு அஞ்சியது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் புரியும். யாருடன் பேசினாய், எந்த உடை போட்டிருந்தாய், ஏன் அப்போதே கத்தவில்லை என்ற கேள்விகளை நானும் கேட்டிருக்கிறேன், என் காதுபடவும் கேட்டிருக்கிறார்கள். டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் சம்மத வயது பதினாறாகவே இருக்கட்டும் என்றது. அரசும் ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தது, கட்சிகள் கூடிப் பேசியதும் பதினெட்டு என்று முடிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2007-இல் மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி வெளியிட்டது. அவர்களில் 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். போக்சோ வருவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்கு என்று ஒழுங்கான சட்டமே கிடையாது. பெண் எஸ்.ஐ. சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்குவது, எதிரியின் முகத்தைப் பார்க்காமல் குழந்தை சாட்சி சொல்வது, மூடிய அறையில் விசாரணை, எல்லாம் இந்தச் சட்டம் கொடுத்தவை. டியூஷன் மாஸ்டரும், பக்கத்து வீட்டு மாமாவும், சொந்தத் தகப்பனும் எதிரிக் கூண்டில் நிற்கிறார்கள் என்றால் இந்தச் சட்டத்தால்தான். நாற்பது வயது ஆள் பதினாறு வயது மாணவியைக் காட்டி 'காதல்' என்று சொல்லும்போது, நீதிமன்றம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதற்காகப் போட்ட கோடு இது.

சிக்கல், அந்தக் கோட்டுக்குள் யாரெல்லாம் வந்து மாட்டுகிறார்கள் என்பதில். பெங்களூருவின் 'என்ஃபோல்டு' அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்க மாநிலங்களின் 2016 முதல் 2020 வரையிலான 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்தது. நான்கில் ஒன்று காதல் விவகாரம். அவற்றில் பெரும்பாலான புகார்களைக் கொடுத்தவர்கள் பெண்ணின் பெற்றோரும் உறவினரும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விடுதலை. ஏனென்றால் பெண் கூண்டில் ஏறி 'நானாகத்தான் போனேன்' என்கிறாள், அல்லது எதுவுமே நடக்கவில்லை என்று பிறழ் சாட்சி ஆகிறாள். விடுதலை கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். பிடித்த அன்றிலிருந்து விடுதலையாகும் நாள் வரை போன படிப்பும் வேலையும் மானமும் தீர்ப்போடு சேர்ந்து திரும்பி வருவதில்லை.

தமிழ்நாட்டில் இதன் அடியில் சாதி கிடக்கிறது. பெண் வேறு சாதிப் பையனுடன் போய்விட்டாள் என்றால் முதல் புகார் 'மகளைக் காணவில்லை' என்று வரும். பிறகு கடத்தல். பெண்ணைக் கண்டுபிடித்து மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினதும் போக்சோ. அந்தப் பையன் ஒடுக்கப்பட்ட சாதியாக இருந்தால் வேகம் கூடும். இதில் வயது எத்தனை என்பதே பெரிய சண்டை. பள்ளிக்கூடத்து டி.சி.யைக் காட்டி 'பதினேழு' என்பார்கள். 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், இளைஞர் நீதிச் சட்டம் கேட்கிற சான்று டி.சி. அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் எதிரியை விடுவித்தது. எலும்புச் சோதனை செய்த டாக்டர் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு முதல் இருபது வயதுக்குள் இருக்கும் என்று சொல்லியிருந்தார். சாதி தாண்டிய காதலை 'நாடகக் காதல்' என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் நல்ல ஆயுதம். குழந்தைப் பாதுகாப்பின் மேல் அவர்களுக்குத் திடீர் அக்கறை எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். சொந்தச் சாதிக்குள் பதினைந்து வயதில் மாமனுக்குக் கட்டிவைத்தால் அவர்களில் யாரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை.

இன்னொரு கோணல். பையனுக்கும் பதினேழு, பெண்ணுக்கும் பதினேழு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் சொற்படி இருவருமே குழந்தைகள், இருவருமே குற்றம் செய்தவர்கள். போலீஸ் பிடிப்பது பையனை மட்டும். குற்றம் கொடியது, அதனால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கவும் இடம் உண்டு. சம்மதம் சொல்ல அவனுக்கு அறிவு போதாது, தண்டனை அனுபவிக்க மட்டும் போதும். 14-வது பிரிவை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போக இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

நம் உயர் நீதிமன்றம் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. 2019 ஏப்ரலில் நீதிபதி பார்த்திபன், நாமக்கல்லிலிருந்து வந்த மேல்முறையீட்டில், வயதைப் பதினாறாகக் குறைத்து, ஐந்து வயதுக்குள் வித்தியாசம் இருந்தால் வேறு விதமாகக் கையாளலாம் என்று யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், காதலில் விழுந்த இளம் வயதினரைத் தண்டிக்கப் போக்சோ உருவாக்கப்படவில்லை என்று சொல்லி ஒரு வழக்கையே ரத்து செய்தார். 2022 டிசம்பரில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யவேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். எல்லாம் நல்ல எண்ணம். ஆனால் சுற்றறிக்கை எந்த இன்ஸ்பெக்டரின் மேஜையில் படிக்கப்படும், வழக்கு எந்த நீதிபதி முன் பட்டியலாகும் என்பது அந்தப் பையனின் அதிர்ஷ்டம்.

இனி 2022 மே மாதத்துக்கு வருகிறேன். இதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். தாய்மாமன், அக்காள் மகள். முதல் குழந்தை பிறக்கும்போது பெண்ணுக்குப் பதினான்கு வயது, இரண்டாவது பிறக்கும்போது பதினேழு என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். மாமனுக்குப் பத்தாண்டுத் தண்டனை. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்போது அவர்கள் கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். குடும்பத்தைக் கலைக்க மனமில்லை என்றது நீதிமன்றம், தமிழ்நாட்டில் தாய்மாமனுக்குக் கட்டும் வழக்கம் உண்டு என்பதையும் குறிப்பிட்டது, தண்டனையை ரத்து செய்தது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் எழுதியது. பதினான்கு வயதில் தாயான ஒரு பெண், வாய்ப்பிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று அந்த உத்தரவில் யாரும் கேட்கவில்லை.

அடுத்தது மேற்கு வங்கம். பதினான்கு வயதுப் பெண், இருபத்தைந்து வயது ஆண். சிறப்பு நீதிமன்றம் இருபதாண்டு கொடுத்தது. 2023 அக்டோபரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவனை விடுவித்ததோடு நிற்காமல், இளம் பெண்கள் தங்கள் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று உபதேசமும் செய்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, 2024 ஆகஸ்டில் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு குற்றத்தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. ஆனால் தண்டனை சொல்வதற்கு முன்னால், அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்க ஒரு குழுவை வைத்தார்கள். எங்கும் நடக்காத காரியம் இது, இதற்காகவே அந்த அமர்வை நான் மதிக்கிறேன். குழு என்ன கண்டுபிடித்தது? நடந்ததைவிட, அதற்குப் பின்னால் வந்த போலீஸும் வழக்கும், அவனைச் சிறையிலிருந்து மீட்க அவள் நடத்திய போராட்டமும்தான் அவளை உருக்குலைத்தன. 2025 மே 23 அன்று நீதிமன்றம் குற்றம் குற்றம்தான், ஆனால் அவன் சிறைக்குப் போகவேண்டாம் என்று முடித்தது. அவளுடைய குடும்பமும் சமூகமும் அரசும் அவளைக் கைவிட்டுவிட்டன, தனக்கென்று ஒரு முடிவை எடுக்க அவளுக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பதைத் தீர்ப்பு ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறது.

இரண்டு வழக்கிலும் பெண்ணுக்குப் பதினான்கு. இரண்டிலும் ஆண் வயது வந்தவன். இரண்டிலும் அவன் வெளியே இருப்பதற்குக் காரணம் குடும்பம், பிள்ளை, தாலி. இப்போது நான் முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் தாலி தண்டனையைக் கூட்டுகிறது. நடைமுறையில் தாலிதான் தண்டனையைக் கழுவுகிறது. இதன் விளைவு என்ன? வழக்கு பதிவான மறு வாரமே இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிக் கோயிலில் கல்யாணத்தை முடித்துவிடுகிறது. காதலித்து, பின்னால் வேண்டாம் என்று நினைத்த பெண்ணுக்கும் அதே கதிதான். மிரட்டிக் கெடுத்தவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற கதையும் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சட்டமே குழந்தைத் திருமணத்தை நடத்திவைக்கிறது.

சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் தந்த 283-வது அறிக்கை வயதைக் குறைக்கக் கூடாது என்றது. பதினாறு முதல் பதினெட்டு வரையிலான வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்றது. போதாது. அந்த அதிகாரம் பையன் சிறையில் கிடந்து, விசாரணை முடிந்து, குற்றவாளி என்று ஆன பிறகுதான் வரும். 2025 ஜூலையில் மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங், உச்ச நீதிமன்றத்துக்கு உதவுபவர் என்ற முறையில், பதினாறிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவைக் குற்றத்திலிருந்து விலக்கிப் படிக்கவேண்டும் என்று எழுத்து வாதம் வைத்தார். அந்தரங்க உரிமை பதினெட்டாம் பிறந்தநாளில்தான் பிறக்கிறதா என்பது அதன் சாரம். பதினெட்டில் கைவைத்தால் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் கதவு திறக்கும் என்று மத்திய அரசு எதிர்த்தது.

அரசின் பயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2006 மே 23 அன்று அங்கே உச்ச நீதிமன்றம், வயதைப் பற்றி உண்மையாகவே ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல எதிரிக்கு வழியே இல்லை என்பதால், 1935-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு சாசனத்துக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. ஒரே வாரத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கெடுத்துச் சிறையிலிருந்த ஒருவன், என்னைத் தண்டித்த சட்டமே செல்லாது என்று சொல்லி வெளியே வந்துவிட்டான். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 2 அன்று நாடாளுமன்றம் அவசர அவசரமாகப் புதுச் சட்டம் போட்டது, அதே நாளில் உச்ச நீதிமன்றம் அவனைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. நீதிமன்றம் ஒரு பிரிவைத் தட்டி வீழ்த்தினால் அடியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது.

தென்னாப்பிரிக்கா வேறு வழியில் போனது. வழக்குப் போட்டதே குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் 'டெடி பேர் கிளினிக்'கும் இன்னொரு குழந்தைப் பாதுகாப்பு அமைப்பும். பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு தினம் பழகுகிறவர்களே வந்து, பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் விரும்பிப் பழகுவதைக் குற்றமாக்கினால் அவர்கள் எங்களிடம் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். 2013 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பிரிவை உடனே தூக்கவில்லை. திருத்த நாடாளுமன்றத்துக்குப் பதினெட்டு மாதம் கொடுத்தது, அதுவரை பிள்ளைகள் மேல் வழக்கு வேண்டாம் என்று நிறுத்திவைத்தது. பெரியவர்களுக்கு எதிரான சட்டம் ஒரு நாள்கூட இல்லாமல் போகவில்லை.

நமக்கும் அந்த வழிதான் சரி. பதினெட்டு இருக்கட்டும். பதினாறுக்குக் கீழே யாரும் வாய் திறக்க வேண்டாம். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில், இருவருக்கும் நடுவே மூன்று வயதுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல், ஒருவர் மற்றவருக்கு ஆசிரியரோ காப்பாளரோ உறவினரோ முதலாளியோ இல்லாமல் இருந்தால், அது குற்றமே ஆகக் கூடாது. நீதிமன்றம் போய்த் தண்டனை குறைக்கும் கட்டத்துக்கு வரவே வேண்டாம். நிலைக்குழு பயந்ததே, பெண்ணின் நடத்தையைக் கிளறுவார்கள் என்று, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. வயது வித்தியாசத்தை அறிய இரண்டு பிறப்புச் சான்றிதழ் போதும், அவளைக் கூண்டில் ஏற்றிக் கேட்க எதுவும் இல்லை. 'வற்புறுத்தினான்' என்று அவள் சொன்னால் அன்றே குற்றம். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வயதுப் பெண்ணைப் பற்றிய தகவல் முதலில் ஓர் ஆலோசகருக்குப் போகட்டும், அதன் பிறகு தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணம் எந்தப் பக்கமும் கணக்கில் வரக் கூடாது. குற்றத்தைக் கூட்டவும் கூடாது, கழுவவும் கூடாது. இதை எழுதவேண்டியது நாடாளுமன்றம். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நம் சட்டமன்றமும் எழுதலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட 2025-இல் நம் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்ததே, கொஞ்சம் நுணுக்கமாக எழுதவும் அதற்குத் தெரியும்.

பையனுக்கு இருபத்துநான்கு, பெண்ணுக்குப் பதினேழு என்றால் உங்கள் விதி காப்பாற்றாதே என்று மாணவர்கள் கேட்பீர்கள். காப்பாற்றாதுதான். ஏதோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும், அங்கே யாராவது வெளியே நிற்பார்கள். அவர்களுக்கு நீதிபதியின் தண்டனைக் குறைப்பு அதிகாரம் இருக்கட்டும். சட்ட ஆணையத்தின் யோசனை அந்த இடத்துக்குப் பொருந்தும்.

சட்டம் மாற எத்தனை ஆண்டு ஆகுமோ, அதுவரை நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இந்த அரங்கில் ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறீர்கள், வார்டு உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு குடும்பம் உங்கள் வாசலில் வந்து நின்று, 'விஷயம் வெளியே தெரியறதுக்குள்ள கட்டி வெச்சுடலாமா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பெண் படிக்கட்டும், பதினெட்டு முடியட்டும், அதற்குப் பிறகும் அவளுக்கு அவன்தான் வேண்டுமென்றால் அவள் வாயாலேயே சொல்லட்டும் என்று சொல்லுங்கள். 1098-க்கு ஒரு போன் போட்டு ஆலோசகரை வரச் சொல்லுங்கள். கேஸ் உடைய ஒரே வழி கல்யாணம்தான் என்று கட்சிக்காரரிடம் சொல்லும் இளம் வக்கீல் நண்பர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். அந்த ஆலோசனையை நிறுத்துங்கள்.